ஏற்காட்டுப் பள்ளியில் உலகத் தாள வகுப்பு: ஒரு மதிப்பீடு

தாளக் கருவிகளைப் பள்ளிக்கே கொண்டுவந்து கற்பிக்கும் சேலத்துக் குழு ஒன்றை, ஏற்காட்டிலுள்ள எங்கள் பள்ளி இந்தப் பருவத்தில் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்கு அமர்த்தியிருந்தது. குழுவின் பெயரைத் தவிர்க்கிறேன்; இத்தகைய சேவையை நாடும் பள்ளிகளுக்கு எங்கள் அனுபவம் பயன்படலாம்.

கற்பிக்கும் முறையில் குறை சொல்ல இடமில்லை. கருவியைத் தொடும் முன் வாயால் சொல்ல வைத்தார்கள். கியூபா இசையில் அடிக்கடி ஒலிக்கும் 3+3+2 என்ற பகுப்பை, 'தகிட தகிட தக' என்று நம் சொற்கட்டிலேயே சொல்லி, ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையோடு பொருத்திக் கைதட்டச் செய்ததால், இசை பயிலாத பிள்ளைகளும் விரைவில் பிடித்துக்கொண்டனர். அதன் பிறகே மாலி, கினி நாடுகளின் ஜெம்பே என்ற, கையால் தட்டும் தோல்முரசு வந்தது. நடுவில் உள்ளங்கை விழுந்தால் கனத்த ஒலி, விளிம்பில் விரல்கள் விழுந்தால் தெளிந்த ஒலி என்பதையும், அடிவாய் தரையில் மூடிக்கொள்ளாதபடி கருவியைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்பதையும் பொறுமையாகப் பழக்கினார்கள்.

கருவிகளைத் தேர்ந்ததில்தான் கவனக்குறைவு. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மூடுபனி வகுப்பறைக்குள்ளேயே வந்துவிடும் ஊருக்கு ஆட்டுத்தோல் ஜெம்பேக்களை ஏற்றி வந்தார்கள். ஈரம் உறிஞ்சித் தளர்ந்த தோலில் கனத்த ஒலிக்கும் தெளிந்த ஒலிக்கும் வேறுபாடே எழவில்லை. கயிற்றை முறுக்கி இறுக்க வகுப்பு நேரம் போதாது. (பறையைத் தீயில் காய்ச்சும் கலைஞர் எவரைக் கேட்டிருந்தாலும் முன்கூட்டியே எச்சரித்திருப்பார்.) பெரு நாட்டின் மரப்பெட்டி வாத்தியமான கஹோன் மட்டும், தோலே இல்லாததால், எல்லா நாளும் ஒரே சீராக ஒலித்தது.

ஆடி மாத மாரியம்மன் திருவிழாக்களில் பம்பையும் உடுக்கையும் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கான பாடத்தில் அவை இடம்பெறவில்லை. பறை ஒரு படமாக மட்டும் வந்து போனது. உலகத் தாளம் என்ற பட்டியலில் நம் ஊர் சேராதது எனக்கு ஏற்புடையதாக இல்லை. பக்கத்து வகுப்புக்கு இரைச்சல் தொல்லையும் இருந்தது. வகுப்பை மைதானத்தை ஒட்டிய அறைக்கு மாற்றியதும் அது தீர்ந்தது.

கட்டணம் நியாயமானதே. செயற்கைத் தோல் பூட்டிய ஜெம்பேக்களைக் கொண்டுவர வேண்டும், பறைக் கலைஞர் ஒருவரையும் பயிற்றுநராகச் சேர்க்க வேண்டும் என்ற இரு நிபந்தனைகளுடன், அடுத்த பருவத்துக்கும் இதே குழுவை அழைக்கத் தலைமையாசிரியரிடம் பரிந்துரைத்திருக்கிறேன்.