9 வீத வட்டி என்று சொல்லி விற்ற சின்னக் கார்: மட்டக்களப்பு, அம்பாறை ஆட்களுக்கு ஒரு எச்சரிக்கை

"கம்பனியின் சொந்த ஃபைனான்ஸ்" என்று சொல்லி யாராவது உங்களுக்குப் புதுக் கார் தர வந்தால், முற்பணம் கட்டுவதற்கு முன் இதை வாசியுங்கள். எங்கள் வீட்டில் நடந்தது. கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்திலும் பலர் இதே மாதிரித் திட்டத்தில் கார் எடுக்க யோசிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதால்தான் கணக்கோடு எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது. அதற்கிடையில் பழைய கார்களின் விலை ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் இருப்பது களுவாஞ்சிகுடியில். அம்மாவை மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குக் கிளினிக் கொண்டுபோக நம்பிக்கையான ஒரு வண்டி வேண்டும். பழைய காரை விற்ற காசும் சேமிப்பும் விலையில் பாதிக்கு மேல் வந்தது. மீதி 30 இலட்சம் கடன்.

மனைவி ஆசிரியை. அவருடைய சம்பளம் போகிற வங்கியில் கேட்டபோது 13 வீதம், ஐந்து வருடம் என்றார்கள். காட்சியறையில் இருந்த தம்பி, "டீச்சர், வேற இடத்துக்கு ஏன் போறீங்க? இது கம்பனிட ஸ்பெஷல் ஓஃபர். 9 வீதம்தான். இந்த மாசத்தோட முடியுது" என்றார். மாதம் 72,500 ரூபாய் என்று ஒரு தாளில் எழுதியும் தந்தார். 13 எங்கே, 9 எங்கே! முற்பணத்தைக் கட்டினோம்.

அந்த இரண்டு வட்டியும் ஒரே அளவுகோல் இல்லை. வங்கி சொன்ன 13 வீதம், கடன் குறையக் குறையக் குறைகிற வட்டி. காட்சியறை சொன்ன 9 வீதம் ஃப்ளாட் வட்டி. அதாவது ஐந்தாவது வருடத்திலும் முழு 30 இலட்சத்துக்கும் வட்டி போட்டுக்கொண்டே இருப்பார்கள். வருடத்துக்கு 2,70,000, ஐந்து வருடத்துக்கு 13,50,000. மொத்தம் 43,50,000, அதை 60 ஆல் பிரித்தால் அந்த 72,500 வரும். வங்கிக் கணக்கில் அதே 30 இலட்சத்துக்கு மாதத் தவணை 68,260 அளவில்தான் வருகிறது. மலிவு என்று சொன்ன 9 வீதத்தில் ஐந்து வருடத்துக்கு இரண்டரை இலட்சம் கூடக் கட்ட வேண்டும். குறையும் வட்டி முறைக்கு மாற்றிப் பார்த்தால் அந்த 9 வீதம் உண்மையில் ஏறக்குறைய 15.7 வீதம். ஃப்ளாட் என்ற ஒரு சொல்லை அந்தத் தம்பியும் சொல்லவில்லை, தந்த தாளிலும் இல்லை.

இது முதல் அடி. அடுத்தது ஒப்பந்தம் வந்த நாளில். அதில் இருந்தது கார்க் கம்பனியின் பெயரே இல்லை, வேறொரு லீசிங் கம்பனியின் பெயர். கடன் தொகை 30 இலட்சம் இல்லை, 32,40,000. தவணை 78,300. கேட்டால் முதல் வருட இன்சூரன்ஸ், சீட் கவர், கண்ணாடி ஸ்டிக்கர், ஆவணச் செலவு எல்லாம் "பேக்கேஜில்" சேர்ந்ததாம். யாரும் கேட்காத பொருட்கள். அந்த 2,40,000 க்கும் அதே ஃப்ளாட் வட்டி ஓடுவதால் முடிவில் 3,48,000 கட்டுகிறோம். இன்சூரன்ஸை நாங்களே வேறு இடத்தில் போடுகிறோம் என்றதற்கு, "சிஸ்டம் விடாது" என்றார்கள். லீசிங் வண்டிக்கு முழு இன்சூரன்ஸ் கேட்பது வழமைதான். ஆனால் எங்கே போடுவது என்பதையும் அவர்களே தீர்மானித்து, அந்தக் காசையும் கடனில் ஏற்றி வட்டி வாங்குவது எந்த ஊர் நியாயம்? வேண்டாம் என்றால் முற்பணம் திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். பழைய காரும் கைவிட்டுப் போய்விட்டது. ஒப்பந்தம் முழுக்க ஆங்கிலம். மனைவி அழாத குறையாகக் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் இலவச சர்விஸ். முதல் சர்விஸ் 1,000 கிலோமீட்டரில். மட்டக்களப்பில் இருப்பது விற்பனை மேசை மட்டும், வேலைத்தளம் கொழும்பில். போய்வரவே 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். வேறு இடத்தில் செய்தால் உத்தரவாதம் போய்விடுமாம். இதையும் வாங்கிய பிறகுதான் சொன்னார்கள்.

ஒரு வருடத்தில் கொஞ்சம் காசு சேர்த்து முன்கூட்டியே முடித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கும் சொல்ல வேண்டும். 72,500 தவணையிலேயே பாருங்கள்: முதல் வருடம் 8,70,000 கட்டினால் கடன் தொகையில் குறைவது 4,30,000 அளவுதான். மீதி 25,70,000 ஐக் கட்டுவதோடு, முன்கூட்டி முடிக்கும் கட்டணமும் வரலாம். கடன் முடியும்வரை பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் லீசிங் கம்பனிதான். அவர்கள் விடுவிக்காமல் காரை விற்று வெளியே வரவும் முடியாது.

ஆகவே முற்பணத்துக்கு முன் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: கடைசித் தவணைவரை கட்டப்போகும் மொத்தத் தொகை, குறையும் வட்டி முறையில் வருடாந்த வீதம், முற்பணம் எந்த நிலையில் திரும்பும் என்பது. தமிழில் தரச் சொல்லுங்கள். தயங்கினால் எழும்பி வந்துவிடுங்கள். இந்த மாதத்தோடு முடிகிறது என்ற ஓஃபர் எங்களுக்குப் பிறகும் முடியவில்லை.

காட்சியறை லீசிங் கம்பனியைக் கைகாட்டுகிறது, லீசிங் கம்பனி காட்சியறையைக் கைகாட்டுகிறது. நாங்கள் லீசிங் கம்பனிக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்தோம். "ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுள்ளீர்கள்" என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்தது. அதையும், காட்சியறையில் எழுதித் தந்த 72,500 தாளையும் இணைத்து மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு அனுப்பியிருக்கிறோம். அவர்களின் இலக்கம் 1935. காட்சியறையின் நடத்தை பற்றிப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இல் சொல்லலாம். முதலில் கம்பனிக்கே எழுதி, அவர்களின் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு மத்திய வங்கிக்குப் போங்கள். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பற்றுச்சீட்டையும் காட்சியறையில் கிறுக்கித் தந்த சின்னத் தாளையும்கூட எறிந்துவிடாதீர்கள்.