200 எம்பிபிஎஸ்ஸுக்குப் பணம், வருவது 94: பிராட்பேண்ட் எடுத்தவர்கள் கவனத்துக்கு

200 அல்லது 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறீர்கள். லேப்டாப்பைக் கேபிளில் இணைத்துச் சோதித்தால் 93, 94, 95 என்று காட்டுகிறது. காலையிலும் அதேதான், நள்ளிரவிலும் அதேதான். இப்படி ஒரே எண்ணில் ஆணி அடித்தாற்போல் நின்றால் லைனில் நெரிசல் என்ற பதிலை நம்பாதீர்கள். நெரிசல் என்றால் வேகம் ஏறி இறங்கும். 94-ல் நிற்கும் வேகம் உங்கள் வீட்டுக்குள்ளேயே அடைபட்டிருக்கிறது.

விலை குறைந்த ஓஎன்டி பெட்டிகள் (வீட்டுக்குள் ஃபைபர் வந்து சேரும் பெட்டி), ரவுட்டர்கள் பலவற்றில் லேன் போர்ட், அதாவது கேபிள் செருகும் துளை, 100 எம்பிபிஎஸ் வகை. ஒவ்வொரு தரவுத் துண்டோடும் (பாக்கெட்) ஒட்டிப் போகும் முகவரி விவரங்கள் பிடிக்கும் இடம் போக, அதில் 94 சொச்சம்தான் உங்களுக்குக் கிடைக்கும். கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட் என்றால் அதே கணக்கில் சுமார் 940. நிறுவனத்தின் கணினியில் உங்கள் கணக்கு 200 என்றே பதிவாகியிருக்கும், பில்லும் அப்படியே வரும். அந்த 200 உங்கள் மேசைக்கு வர வழிதான் இல்லை. பெரும்பாலும் இது நடப்பது திட்டத்தை உயர்த்தும்போது. போனில் பேசி 100-லிருந்து 200-க்கு மாற்றிவிடுவார்கள், பணம் அன்றே ஏறும், பழைய பெட்டியை மாற்ற யாரும் வரமாட்டார்கள். எனவே சம்மதம் சொல்வதற்கு முன்பே பெட்டியின் மாடல் எண்ணைத் தேடி, லேன் போர்ட் கிகாபிட்தானா என்று பார்த்துவிடுங்கள். சில பெட்டிகளில் ஒரே ஒரு போர்ட் மட்டும் கிகாபிட்டாக இருக்கும், மற்றவை 100. கேபிள் எதில் செருகியிருக்கிறது என்பதும் முக்கியம்.

போர்ட் கிகாபிட்தான், ஆனாலும் 94 என்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். ஈதர்நெட் கேபிளுக்குள் 8 கம்பிகள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு பின்கள் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஒரு கம்பி முனையிலுள்ள பிளக்கில் சரியாக அழுத்திப் பொருத்தப்படாவிட்டால் (கிரிம்ப்) இணைப்பு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். இணையம் வேலை செய்துகொண்டே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. விண்டோஸில் ஈதர்நெட் விவரப் பக்கத்தைத் திறந்தால் இணைப்பு வேகம் 100/100 என்றோ 1000/1000 என்றோ இருக்கும். ஒரு நிமிட வேலை. 'கேட் 6 கேபிள் போட்டால்தான் வேகம் வரும்' என்று தனியாகக் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை கிகாபிட்டைத் தாங்கும்.

இன்னொரு வகை ஏமாற்று சோதனையிலேயே இருக்கிறது. வீட்டுக்கு வரும் டெக்னீஷியன் வேகச் சோதனைச் செயலியைத் திறப்பார், 200 காட்டும், 'பாருங்கள், வருகிறதே' என்று புகாரை மூடிவிடுவார். அந்தச் செயலிகள் இயல்பாகவே அருகிலுள்ள சர்வரை, அதாவது சோதனைக்குத் தரவு அனுப்பும் கணினியை, தேர்ந்தெடுக்கும். அது பெரும்பாலும் அதே நிறுவனத்தின் வலையமைப்புக்குள்ளேயே இருக்கும். வெளி உலகத்தோடு இணைக்கும் பாதை அடைத்துக் கிடந்தாலும் இந்த எண் அழகாகவே வரும். சர்வரைக் கையால் மாற்றி, வேறு நிறுவனத்தின் சர்வரில், வேறு ஊரில் சோதிக்கச் சொல்லுங்கள். செயலி சர்வரோடு ஒரே நேரத்தில் திறக்கும் பல இணைப்புகளுக்குப் பதிலாக ஒற்றை இணைப்பில் சோதிக்கும் வசதியும் இருக்கிறது; பெரிய கோப்பை இறக்கும்போது நடப்பதற்கு அதுதான் நெருக்கம். கோப்பு இறங்கும் வேகத்தைப் பார்ப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: 200 மெகாபிட் என்பது விநாடிக்கு 25 மெகாபைட். 25 காட்டினால் நிறுவனத்தின் மீது தவறில்லை.

பகலில் 200, இரவு 9 மணிக்கு 40 என்றால் கதை வேறு. ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் ஜிபான் வகையில், நிறுவனத்தின் பக்கமுள்ள ஒரு போர்ட்டின் இறக்க (டவுன்லோட்) வேகம் 2.488 ஜிபிபிஎஸ், அதாவது 2,488 எம்பிபிஎஸ். அதை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிப்பது வழக்கம். 64 வீடுகளும் ஒரே நேரத்தில் இழுத்தால் ஆளுக்கு 39 எம்பிபிஎஸ்கூட முழுதாக வராது. எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை என்பதால் பகிர்வது தவறல்ல. ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போய், நிறுவனத்தை வெளி இணையத்தோடு சேர்க்கும் மேல் இணைப்பை அகலப்படுத்தாமல் விடுவதுதான் தவறு. விளம்பரத்தில் '200 வரை' என்று போடும் அந்த 'வரை' இதற்குத்தான் காவல் நிற்கிறது. பிரிட்டனில் முன்பு 10 சதவீத வாடிக்கையாளர்களுக்குக் கிடைத்தாலே ஒரு வேகத்தை விளம்பரப்படுத்தலாம். 2018 மே மாதம் முதல், இரவு 8 முதல் 10 வரையான நெரிசல் நேரத்தில் குறைந்தது பாதிப் பேருக்குக் கிடைக்கும் வேகத்தையே போட வேண்டும் என்று விளம்பரக் கட்டுப்பாட்டு அமைப்பு விதியை மாற்றியது. நீங்கள் எங்கிருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: இரவு 9 மணிக்கு எவ்வளவு? பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

மாதக் கடைசியில் மட்டும் வேகம் விழுந்தால் 'அன்லிமிடெட்' என்பதன் கீழே உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள். 100 எம்பிபிஎஸ் முழு வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 500 ஜிபி வரம்பு என்றால் 11 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு வேகம் என்பதுதான் உண்மையான திட்டம். ஏற்ற (அப்லோட்) வேகத்தையும் தனியாகக் கேளுங்கள், அதை விளம்பரத்தில் பெரிதாகப் போடமாட்டார்கள்.

புகாருக்கு முன் இதைச் செய்யுங்கள். வைஃபையை அணைத்து, மற்ற கருவிகளைத் துண்டித்து, ஒரே கணினியைக் கேபிளில் இணையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் 40 வருகிறது என்ற புகாரை ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள், அதில் நியாயமும் உண்டு. காலை, மாலை, இரவு 9 மணி என மூன்று வேளை, 7 நாள், இரண்டு வெவ்வேறு சர்வர்களில் சோதித்துத் திரைப்பிடிப்பு எடுங்கள்; தேதி, நேரம், சர்வர் பெயர் தெரிய வேண்டும். இணைப்பு அடிக்கடி அறுந்தால் டெக்னீஷியனிடம் ஃபைபரில் வரும் ஒளியின் அளவை அளக்கும் பவர் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள்: அளவு -27 டிபிஎம்மை (ஒளி அளவின் அலகு) நெருங்கினாலோ அதற்கும் கீழே போனாலோ ஃபைபர் எங்கோ மடிந்திருக்கிறது, அல்லது இணைப்பு முனையில் அழுக்கு.

'சரிசெய்யப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்த உடனே, புகாரை மூடக் கேட்கும் ஓடிபியைக் கொடுத்துவிடாதீர்கள். அன்றிரவு 9 மணிக்கு ஒருமுறை அளந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள்.