ஆறு ஆண்டுகள் தெர்மல் கேமராவுடன்: நூற்பாலை மின் பராமரிப்பில் கண்டவை

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் சாலையில், மாநில எல்லையான கோபாலபுரத்துக்குச் சற்று முன்பாக உள்ள ஒரு நூற்பாலையில் மின் பராமரிப்பைக் கவனித்து வருகிறேன். வீடு எல்லைக்கு அப்பால், கொழிஞ்சாம்பாறையில். 2019 தை மாதத்தில் எங்கள் ஆலை, சூட்டைப் படமாகக் காட்டும் ஒரு கையடக்கத் தெர்மல் கேமராவை வாங்கியது. 160-க்கு 120 புள்ளிகள் கொண்ட, 25 டிகிரிப் பார்வைக் கோணமுள்ள நடுத்தர வகைக் கருவி அது. ஆறு ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்திய பிறகு, அது எங்கே கைகொடுத்தது, எங்கே ஏமாற்றியது என்பதை எழுதுகிறேன். வாங்க நினைக்கும் சிறு ஆலைக்காரர்களுக்கு விற்பனையாளர் தரும் விளக்கத்தைவிட இது பயன்படும் என்று நம்புகிறேன்.

அதற்கு முன்பு எங்கள் பராமரிப்பு முறை எளிமையானது. பொங்கல் விடுமுறையில் ஆலை நிற்கும்போது எல்லா மின் பேனல்களையும் திறந்து, எல்லா போல்ட்டுகளையும் ஒரு சுற்று முறுக்கிவிடுவோம். நல்லதைத்தான் செய்கிறோம் என்று நினைத்திருந்தோம். கேபிள் முனையில் பொருத்தும் அலுமினிய லக் மென்மையானது. மேலும் மேலும் முறுக்கினால் அது நசுங்கிப் பரவுமே தவிரப் பிடிப்பு அதிகரிக்காது. ஓடும்போது சூடாகி விரிந்தும், நிற்கும்போது குளிர்ந்து சுருங்கியும், நசுங்கிய இணைப்பு முன்னிலும் விரைவாகத் தளர்கிறது. எங்கள் பழுதுகளில் ஒரு பகுதியை நாங்களே உண்டாக்கிக்கொண்டிருந்தோம் என்பதைக் கேமரா வந்த முதல் ஆண்டிலேயே புரிந்துகொண்டேன். இப்போது சூடாகத் தெரியும் இணைப்பை மட்டுமே கழற்றுகிறோம். அதையும் முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு, குறிப்பிட்ட அளவுக்கே முறுக்குகிறோம்.

முதல் வாரத்திலேயே ஒரு பெரிய பழுது அகப்பட்டது. நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் பகுதிக்கான பேனலின் இன்கமரில் (மின்சாரம் உள்ளே வரும் இடத்தில்) மூன்று ஃபேஸ்களில் ஆர், ஒய் இரண்டும் 46 டிகிரியில் இருக்க, பி ஃபேஸ் லக் மட்டும் 78 டிகிரி காட்டியது. கிளாம்ப் மீட்டரில் மூன்று ஃபேஸ்களின் மின்னோட்டமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. எங்கள் மூத்த எலெக்ட்ரீஷியன், "அது போன பொங்கலுக்கு நானே டைட் பண்ணுனதுங்க சார்" என்றார். கழற்றிப் பார்த்தபோது அலுமினிய லக் நேரடியாக, மின்சாரத்தைப் பகிரும் செம்புப் பட்டையான பஸ்பாரின் மீது அமர்ந்திருந்தது. இடையே மின்சாரம் கடத்தாத அலுமினிய ஆக்ஸைடு படிந்திருந்தது. அலுமினியமும் செம்பும் சேர்ந்த இரு உலோக லக்காக மாற்றிய பிறகு, அதே லோடில் 47 டிகிரிக்கு இறங்கியது. சூடு எப்படிப் பரவியிருக்கிறது என்பதையும் அன்றுதான் கற்றுக்கொண்டேன். இணைப்பில் உச்சமாக இருந்து, கேபிள் நெடுகக் குறைந்துகொண்டே போனால் கோளாறு இணைப்பில் இருக்கிறது. கேபிள் முழுவதும் ஒரே சீராகச் சூடாக இருந்தால் அது அதிக லோடு. லக்கை மாற்றிப் பயனில்லை.

புதிதாகக் கேமரா பிடிப்பவர் முதலில் ஏமாறுவது நிறத்தில். கருவி தானாகவே நிற அளவை அமைத்துக்கொள்வதால், மூன்று டிகிரி வேறுபாடுகூடத் தகதகவென வெள்ளையாகத் தெரியும். 30 முதல் 90 டிகிரி வரை என்று அளவைப் பூட்டிவிட்டுப் பார்ப்பதே சரி. நிறத்தை விட்டு எண்ணைப் பார்க்க வேண்டும். அந்த எண்ணையும் ஒரே லோடு சுமக்கும் பக்கத்து ஃபேஸோடு ஒப்பிட வேண்டும். ஒரே வகையான இரு பாகங்களுக்கிடையே 4 முதல் 15 டிகிரி வரை வேறுபாடு இருந்தால் பழுது இருக்க வாய்ப்பு அதிகம், 15-ஐத் தாண்டினால் உடனே சரிசெய்ய வேண்டும் என்னும், மின் சோதனைக்கான அமெரிக்க நெட்டா அமைப்பின் அட்டவணையைப் பேனல் அறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

நிறத்தைவிடக் கொடிய ஏமாற்று, பளபளப்பான உலோகம். கேமரா வெப்பநிலையை நேராக அளப்பதில்லை. மேற்பரப்பு உமிழும் அகச்சிவப்புக் கதிரை அளந்து, நாம் கொடுத்த உமிழ்திறன் (ஒரு பரப்பு எவ்வளவு நன்றாகக் கதிரை வெளியிடுகிறது என்னும்) மதிப்பைக் கொண்டு வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. பெயின்ட் அடித்த பரப்புக்கும் கறுப்பு இன்சுலேஷன் டேப்புக்கும் அந்த மதிப்பு 0.95-ஐ ஒட்டி இருக்கும். மெருகேறிய செம்புக்கு 0.1-கூட இருக்காது. எங்கள் கம்ப்ரசர் பேனலில் புதிதாகப் போட்ட பஸ்பார் இணைப்பு ஏழு மாதங்களாக 40, 41 என்றே காட்டிக்கொண்டிருந்தது. நானும் நிம்மதியாக எழுதி வைத்தேன். ஒரு நாள் நான் நகர்ந்தபோது பஸ்பாரில் தெரிந்த சூட்டுத் திட்டும் கூடவே நகர்ந்தது. பஸ்பார் கண்ணாடியைப் போல என் உடம்பின் வெப்பத்தைப் பிரதிபலித்துக்கொண்டிருந்தது. அடுத்த ஷட்டவுனில் இணைப்பை ஒட்டிய இடத்தில் இரண்டு அங்குல டேப் ஒட்டினோம். மறுநாள் அந்த டேப் 81 டிகிரி காட்டியது. அன்று முதல் எந்தப் புதிய பேனல் வந்தாலும், மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே எல்லா இணைப்புகளின் அருகிலும் டேப் ஒட்டிவிடுகிறோம். இத்தனை ஆண்டுகளில் நாங்கள் செய்த மிகப் பயனுள்ள வேலை இதுதான் என்பேன்.

எங்கள் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று ஆனி தொடங்கி ஆவணி வரை இடைவிடாது வீசும்; தென்னை மட்டைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும். திறந்தவெளியில் உள்ள எங்கள் 22 கிலோவோல்ட் டிரான்ஸ்ஃபார்மரின் எல்.டி. (குறைந்த மின்னழுத்த) பக்கக் கிளாம்ப் ஒன்று ஆடியில் 52 டிகிரி காட்டியது. அதே லோடில், காற்று அடங்கிய ஐப்பசியின் ஒரு மாலையில் எடுத்தபோது 84 காட்டியது. இடைப்பட்ட மாதங்களில் இணைப்பு சற்றுக் கெட்டிருக்கலாம். ஆனால் பெரும்பகுதியும் காற்று மறைத்து வைத்த சூடு என்பதை, அடுத்த ஆடியில் ஒரே நாளில் காற்று நின்ற பொழுதிலும் வீசிய பொழுதிலும் எடுத்து ஒப்பிட்டு உறுதிசெய்துகொண்டேன். எனவே வெளிப்புறச் சோதனையைக் காற்று மாதங்களில் நான் நம்புவதில்லை. வெயிலும் எதிரிதான். சூரியன் மறைந்து ஒரு மணி நேரமாவது கழிந்த பிறகே டிரான்ஸ்ஃபார்மர் யார்டுக்குள் போகிறேன்.

கம்பத்தின் உச்சியில் உள்ள, மின் இணைப்பைத் துண்டிக்கும் ஏ.பி. (ஏர் பிரேக்) சுவிட்சைத் தரையிலிருந்து இந்தக் கருவியால் பார்க்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பத்து மீட்டர் தூரத்தில் இதன் ஒரு புள்ளி 27 மில்லிமீட்டர் அகலமுள்ள பரப்பைப் பார்க்கிறது. நம்பத்தக்க அளவுக்கு மூன்று புள்ளிகளாவது வேண்டும். அதாவது எட்டு சென்டிமீட்டர். அதைவிடச் சிறிய கிளாம்ப்பின் சூடு பின்னணி வானத்தின் குளிர்ச்சியோடு கலந்து குறைவாகவே தெரியும். அந்த வேலைக்கு ஆண்டுக்கு ஒரு முறை தூரத்தை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸ் உள்ள ஆட்களை வெளியிலிருந்து அழைக்கிறோம்.

லோடு விஷயத்தில் எனக்கு நேர்ந்த தவறு இன்னும் மனத்தை உறுத்துகிறது. 2021-இல் எங்கள் ஊர்ப் பக்கத்தில் தேங்காய் நார் மில் வைத்திருக்கும் உறவினர் ஒருவர் தன் பேனலைப் பார்த்துத் தரச் சொன்னார். அன்று தேங்காய் மட்டை வரத்து குறைவு. மோட்டார்கள் கால் பங்கு லோடில் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு லக் மற்றவற்றைவிட நான்கு டிகிரி கூடுதலாக இருந்ததைக் கண்டும், பெரிதில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். பதினைந்து நாளில் முழு லோடு ஏறியபோது அந்த லக் எரிந்து, ஸ்டார்ட்டரும் கருகியது. "நல்லாருக்குன்னு சொல்லிட்டுத்தானே போனீங்க மாமா" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. இணைப்பில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. கால் பங்கு மின்னோட்டத்தில் நான்கு டிகிரி வேறுபாடு என்றால், முழு மின்னோட்டத்தில் அது அறுபதைத் தாண்டும் என்பது தாளில் ஒரு நிமிடக் கணக்கு. குறைந்தது 40 சதவீத லோடாவது இருக்கும்போதுதான் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்கத் தீப்பாதுகாப்பு அமைப்பான என்.எஃப்.பி.ஏ.-வின் 70பி ஆவணம் சொல்வதைப் படித்திருந்தும் அன்று நான் பொருட்படுத்தவில்லை. இப்போது கிளாம்ப் மீட்டர் அளவை எழுதாமல் ஒரு படத்தைக்கூடச் சேமிப்பதில்லை.

சூட்டை மட்டும் தேடுவதும் போதாது. கப்பாசிட்டர் பேங்கில் பக்கத்தில் உள்ளவை எல்லாம் வெதுவெதுப்பாக இருக்க, ஒன்று மட்டும் அறை வெப்பநிலையில் இருந்தால் அதன் ஃபியூஸ் போயிருக்கிறது அல்லது அது செயலிழந்திருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் ரேடியேட்டரின் ஒரு பகுதி குளிர்ந்திருந்தால் எண்ணெய் சுற்றவில்லை என்று பொருள். அலுவலகப் பகுதியில் எல்.இ.டி. விளக்குகளும் கம்ப்யூட்டர்களும் பெருகிய பிறகு, ஃபேஸ்களைவிட நியூட்ரல் சூடாக இருந்ததையும் கேமராதான் காட்டிக்கொடுத்தது. மூன்று மடங்கு அதிர்வெண்ணுள்ள மூன்றாம் ஹார்மானிக் மின்னோட்டம் நியூட்ரலில் கூடிச் சேர்வதால் வந்தது அது.

பேனலின் அக்ரிலிக் மூடி வழியாக அகச்சிவப்புக் கதிர் வராது. திறந்துதான் பார்க்க வேண்டும். அதாவது மின்சாரம் பாயும் பஸ்பாரின் முன் நிற்கிறோம். தனியாக யாரும் திறப்பதில்லை. முகக்கவசமும் உரிய உடையும் இல்லாமல் திறப்பதில்லை. பேனலுக்குள் படியும் பஞ்சு சூடான இணைப்பைப் போர்த்தி மறைப்பதோடு தீப்பற்றும் பொருளும் ஆகும் என்பதால், பஞ்சு கண்ட பேனலை முதலில் நிறுத்திச் சுத்தம் செய்துவிட்டு, அரை நாள் ஓட்டிய பிறகே படமெடுக்கிறோம்.

கருவியைப் பற்றிச் சொன்னால், லென்ஸில் பஞ்சுத் தூசி படிவதுதான் தொடர் தொல்லை. பேட்டரி நான்காம் ஆண்டில் மாற்ற வேண்டியதாயிற்று. அளவு சரிபார்க்கும் கேலிபரேஷனை இரண்டாண்டுக்கு ஒரு முறை செய்கிறோம். இனி வாங்குவதானால் 320-க்கு 240 புள்ளிகள் உள்ளதையே வாங்குவேன்.

எரிந்த அந்த நார் மில் பேனலுக்கு இப்போது மாசி மாதம் தோறும், மட்டை குவிந்து மோட்டார்கள் முழு லோடில் ஓடும் நாளில் போகிறேன். போன மாசியில் மூன்று லக்குகளுக்கும் இடையே ஒன்றரை டிகிரிக்கு மேல் வேறுபாடு இல்லை. மின்னோட்டம், அறை வெப்பநிலை, காற்று, நேரம் நான்கையும் படத்தோடு சேர்த்து அவருடைய நோட்டிலும் எழுதிவிட்டு வந்தேன்.