சீண்டும் மருந்து, அடக்கும் மருந்து: குறைந்த அளவு ஆன்டிபயாடிக்குகள் ஓர் ஒப்பீடு

ஆன்டிபயாடிக்கின் அளவு குறைந்தால் கிருமி சாகாது, அவ்வளவுதானே என்று வெகுநாள் நினைத்திருந்தேன். கொல்லாத அளவு மருந்து கிருமியின் குணத்தையே மாற்றிவிடும் என்பது பிறகுதான் புரிந்தது. சில மருந்துகள் அதைச் சீண்டிவிடுகின்றன. சில அதன் பல்லைப் பிடுங்குகின்றன.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். மாத்திரையை இரண்டு நாள் முன்னதாக நிறுத்துவது வேறு, அளவு குறைவது வேறு. இங்கே பேசுவது இரண்டாவதை. கிருமி இருக்கும் இடத்தில் மருந்தின் செறிவு, அதன் வளர்ச்சியை நிறுத்தத் தேவையான குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இருக்கும் நிலை அது. மருந்துச் சீட்டில் முழு அளவே எழுதியிருந்தாலும், சீழ்க்கட்டியின் நடுவிலும் கெட்டிச் சளிக்குள்ளும் இந்த நிலை வரலாம்.

முதலில் ஆக்ஸாசிலினும் கிளிண்டாமைசினும். எதிரி, சீழ்க்கட்டிகளை உண்டாக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. ஆக்ஸாசிலின், நாஃப்சிலின் போன்ற பென்சிலின் குடும்பத்து மருந்துகள் பாக்டீரியாவின் செல்சுவரைக் குலைப்பவை. கொல்லும் அளவுக்குக் கீழே இவை இருந்தால் ஆல்பா நச்சும், வெள்ளணுக்களைத் துளைக்கும் பி.வி.எல். நச்சும் கூடுதலாகச் சுரக்கின்றன என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டின. கிளிண்டாமைசின் நேர் எதிர். புரதம் தயாராகும் ரைபோசோமையே அது பிடித்துக்கொள்கிறது. நச்சும் ஒரு புரதம்தான். பட்டறையை மூடிவிட்டால் ஆயுதம் எங்கிருந்து வரும்? எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற எதிர்ப்புத் திறன் பெற்ற வகைக்கோ ஆக்ஸாசிலினின் முழு அளவே ‘குறைந்த அளவு’தான். கிருமியின் நச்சு உடலையே நிலைகுலைய வைக்கும் நச்சு அதிர்ச்சி நோயில் மற்ற மருந்துகளுடன் கிளிண்டாமைசினையும் சேர்த்துக் கொடுப்பதன் காரணம், நச்சுப் பட்டறையை அது மூடுவதுதான். இந்தப் போட்டியில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை.

அடுத்த ஜோடியில் கணக்கு சிக்கலாகிறது. நுரையீரலில் குடியேறும் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவுக்கு எதிராக டோப்ராமைசினையும் அசித்ரோமைசினையும் வைத்துப் பாருங்கள். இரண்டுமே ரைபோசோமைத் தாக்குபவை. அப்படியானால் இரண்டும் கிருமியை அடக்க வேண்டும் அல்லவா? டோப்ராமைசின் அப்படிச் செய்யவில்லை. கொல்லாத அளவில் அது சூடோமோனாஸை உயிர்ப்படலம் கட்டத் தூண்டுகிறது என்று 2005இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. பிசின் போன்ற அந்தப் படலத்துக்குள் புகுந்துகொண்ட கிருமியை அப்புறம் வெளியேற்றுவது பெரும்பாடு. டோப்ராமைசினை 300 மி.கி. வீதம் தினமும் இருமுறை மூச்சோடு நேரடியாக நுரையீரலுக்குள் இழுக்க வைக்கிறார்கள். சளியில் செறிவை எல்லைக்கு வெகு மேலே கொண்டுபோக அதுவே வழி.

அசித்ரோமைசினால் சூடோமோனாஸைப் பொதுவாகக் கொல்லவே முடியாது. ஆனாலும் அதன் வாயை அடைக்கிறது. இந்தக் கிருமிகள் வேதிச் சைகைகளை அனுப்பித் தலை எண்ணுபவை. கூட்டம் சேர்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகே பல நச்சுகளை வெளியே விடும். அந்தப் பேச்சை அசித்ரோமைசின் மங்கச் செய்கிறது. இதன் அண்ணனான எரித்ரோமைசினின் கதை ஜப்பானில் தொடங்கியது. பரவலான நுண்மூச்சுக்குழல் அழற்சி என்ற கொடிய நோய் உள்ள ஒருவர், பொது மருத்துவர் ஒருவரிடம் நெடுநாள் எரித்ரோமைசின் வாங்கிச் சாப்பிட்டுத் தேறியதை ஷோஜி குடோ என்ற மருத்துவர் கவனித்தார். 1980களில் தினம் 400 முதல் 600 மி.கி. என்ற குறைந்த அளவே அங்கு வழக்கமான சிகிச்சையானது. 1970களில் 63 சதவீதமாக இருந்த ஐந்தாண்டுப் பிழைப்பு விகிதம் 90ஐத் தாண்டியது. இந்தப் பெருமை முழுவதையும் கிருமியின் வாயை அடைத்ததற்கே கொடுத்துவிட முடியாது. இந்த மருந்துகள் மனித உடலின் அழற்சியையும் தணிக்கின்றன.

இதுவரை பார்த்தது வீரியம், அதாவது கிருமி நோயுண்டாக்கும் வலு. கிருமி மருந்துக்கு எதிர்ப்புத் திறன் பெறும் தகவமைப்பு என்ற இன்னொரு தராசு இருக்கிறது, அதில் யாருக்கும் நல்ல பெயர் இல்லை. ஸ்வீடனின் உப்சாலா ஆய்வாளர்கள் 2011இல் ஒரு போட்டி வைத்தார்கள்: எதிர்ப்புத் திறன் உள்ள பாக்டீரியாவையும் இல்லாததையும் கலந்து வளர்த்து, யார் முந்துகிறார்கள் என்று பார்த்தார்கள். டெட்ராசைக்ளின், தடுக்கும் அளவில் நூறில் ஒரு பங்கு இருந்தாலே எதிர்ப்பாளர்கள் முந்தினார்கள். சிப்ரோஃப்ளாக்சசினுக்கு 230இல் ஒரு பங்கு, அதாவது மில்லி லிட்டருக்கு 100 பிகோகிராம் (ஒரு பிகோகிராம் என்பது கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு), போதுமானதாக இருந்தது. யாரும் சாக வேண்டியதில்லை. மற்றவன் சற்றே தளர்ந்தால் போதும். போதாக்குறைக்கு சிப்ரோஃப்ளாக்சசின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தி, பிழையோடு பழுதுபார்க்கும் அவசர ஏற்பாட்டைக் கிருமிக்குள் எழுப்பிவிடுகிறது. சடுதி மாற்றங்கள் பெருகுகின்றன. ஹைதராபாத் அருகே படான்சேருவில், மருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் லிட்டருக்கு 31 மி.கி. வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததாக 2007இல் வெளியானது. அந்த நீர் லட்சம் மடங்கு நீர்த்த பிறகும் உப்சாலா கண்ட எல்லைக்கு மேல்தான் நிற்கும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நானே மறுபடியும் சரிபார்த்தேன்.

அடக்கும் மருந்துக்கும் விலை உண்டு. செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகளிடம் நடந்த ஒரு ஆய்வு 2010இல் வெளியானது. மருந்து இல்லாதபோது சூடோமோனாஸ் கூட்டத்தில் சைகைக்குச் செவிசாய்க்காத ஓசிச் சோற்றுக்காரர்கள் பெருகி, கூட்டத்தின் வீரியம் தானாகவே குறைந்தது. அசித்ரோமைசின் கொடுத்தபோது எல்லோருமே அமைதியாகிவிட, சும்மா இருப்பதால் கிடைத்த லாபம் போய்விட்டது. வீரியம் மிக்க பழைய வகையே கூட்டத்தில் நிலைத்தது.

என் தேர்வைச் சொல்வதென்றால், கொல்லாத அளவில் சிப்ரோஃப்ளாக்சசினை எங்கும் விட்டுவைக்கக் கூடாது. டோப்ராமைசின் கொடுத்தால் நிறைவாகக் கொடுக்க வேண்டும். நீண்டகால அசித்ரோமைசின், அடிக்கடி நெஞ்சுச் சளி முற்றி மருத்துவமனைக்கு ஓடுபவர்களுக்குத் தகும். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளுக்குத் தினம் 250 மி.கி. கொடுத்த 2011ஆம் ஆண்டு ஆய்வில், முதல் தடவை நோய் முற்றுவதற்கான இடைநிலைக் காலம் 174 நாளிலிருந்து 266 ஆக நீண்டது. சிலருக்குக் காது கேட்பது சற்று மங்கவும் செய்தது. ஆகவே தொடங்கும் முன் இதயத் துடிப்பைப் பார்க்க ஈசிஜி எடுக்கிறார்கள், காது கேட்கும் திறனைச் சோதிக்கிறார்கள், சளியில் காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியா ஒளிந்திருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். அது இருந்தால் இந்த ஒற்றை மாத்திரை அதற்கு எதிர்ப்புத் திறனைக் கற்றுக் கொடுத்துவிடும்.