கொமி வேலைக்குப் போகிறவரின் முதல் கத்தி: விக்டோரினொக்ஸ் பைப்ரொக்ஸ் 20 செ.மீ.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் சமையல் பயிற்சிக்குப் பெயர் பதிந்த பிள்ளைகள் பலர், முதற் சம்பளம் கைக்கு வரமுன்னரே ஆறு கத்தி, கத்தரிக்கோல், மரக்கட்டை எல்லாம் சேர்ந்த பெட்டி ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். அந்தக் காசு வீண். ஹோட்டல் குசினியில் கொமி 3 ஆக, அதாவது கடைநிலை உதவிச் சமையற்காரராகச் சேர்ந்து கொமி 1 ஆக உயரும் வரை, நாளாந்த வெட்டு வேலையில் பத்தில் ஒன்பது பங்கை 20 சென்ரிமீற்றர் அலகுள்ள ஒரேயொரு செஃப் கத்தி செய்துவிடும். அந்த இடத்துக்கு இந்த பைப்ரொக்ஸ் கத்தியைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். அதன் குறைகளையும் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

விக்டோரினொக்ஸ் 1884 இல் தொடங்கிய சுவிஸ் நிறுவனம். கத்தி கைக்குப் பாரமில்லை. இருநூறு கிராமுக்கும் குறைவு. வெங்காயத்தை மூட்டைக் கணக்கில் வெட்டும் காலையில் அந்த வித்தியாசத்தை மணிக்கட்டு சொல்லும். கறுப்புப் பிடி அலகின்மேல் இடைவெளியில்லாமல் வார்க்கப்பட்டது. ஆணியும் இல்லை, பொருத்தும் இல்லை. மீன் செதிலோ மாவோ போய் ஒளிந்திருக்க இடமில்லை. கோழிக்கொழுப்பு பட்ட கையிலும் வழுக்காது. மரப்பிடிக் கத்திகளில் இந்த மூன்றும் ஒன்றாகக் கிடைப்பது அரிது. ஈரம் ஊறி மரம் வெடித்தால் சுகாதாரப் பரிசோதனையில் முதலில் மாட்டுவதும் அந்தப் பிடிதான்.

அலகு தகட்டிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது, சூடாக்கி அடித்து உருவாக்கியதல்ல. பிடிக்கும் அலகுக்கும் நடுவே தடித்த கழுத்து இல்லாததால், பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் அலகைக் கவ்விப் பிடிக்கும்போது அதன் முதுகு சுட்டுவிரலின் பக்கத்தை உராயும். முதல் இரண்டு கிழமை தோல் சிவக்கும். 400 இலக்க அரத்தாளால் முதுகின் இரண்டு ஓரங்களையும் பத்து நிமிடம் தேய்த்து மழுக்கிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. வெட்டும் ஓரமான வாயை மட்டும் தொடாதீர்கள்.

உருக்கின் கடினம் றொக்வெல் அளவில் 56 அளவில் இருக்கிறது. யப்பான் கத்திகள் 60ஐத் தாண்டும், கூர் கூடுதல் நாள் நிற்கும். ஆனால் அவற்றின் வாய் கண்ணாடி மாதிரி. தடித்த தோல் பூசணிக்குள் இறக்கி ஒரு திருப்புத் திருப்பினால் துண்டு பெயர்ந்துவிடும். பைப்ரொக்ஸின் வாய் பெயராமல் வளையும். வளைந்ததை நிமிர்த்தலாம், பெயர்ந்ததை அரைத்துத்தான் எடுக்க வேண்டும். பழகுகிற கைக்கு வளைகிற கத்தியே நல்லது.

அதற்காக எதையும் வெட்டலாம் என்று எடுக்கக்கூடாது. வீட்டில் தேங்காய் உடைப்பது கத்தியின் முதுகால்தான். இந்தக் கத்தியால் அதைச் செய்தால் மெல்லிய அலகு கோணிப்போகும். ஊர்க்கோழி எலும்பு, நண்டு ஓடு, உறைந்த இறைச்சி மூன்றும் விலக்கு. எலும்புக்கு வெட்டுக்கத்தி வேறாக வேண்டும். கோழியைத் துண்டு போடும்போது மூட்டைப் பிரித்து, குருத்தெலும்பு வழியே இறக்கினால் இந்தக் கத்தியே போதும். பயிற்சிப் பரீட்சையிலும் அந்த முறையைத்தான் பார்ப்பார்கள். பூசணியை முதலில் காம்பை நீக்கி, தட்டையான பக்கம் கீழே வரும்படி பலகையில் நிறுத்தி, பிடிக்கு அருகிலுள்ள அலகின் அடிப்பகுதியை இறக்கி நேராக அழுத்துங்கள். இறுகினால் திருப்பாமல் வெளியே இழுத்து மீண்டும் இறக்குங்கள்.

எங்கள் பிள்ளைகளுக்குக் கத்தியைவிடப் பெரிய தடை பழக்கம். வீட்டில் அரிவாளைக் காலால் மிதித்துக்கொண்டு மரக்கறியை அலகை நோக்கித் தள்ளுகிறோம், அல்லது கையில் வைத்தபடி சட்டிக்குள் நறுக்குகிறோம். ஹோட்டலில் மரக்கறி அசையாது, அலகுதான் ஓடும். நுனி பலகையை விடாமல், அடிப்பகுதி ஏறி இறங்கி முன்னே போகவேண்டும். இடக்கை விரல்நுனிகளை உள்ளே மடித்து, நடுவிரல் கணுவில் அலகின் பக்கம் உரசும்படி வையுங்கள். கணு பின்னே நகரும் தூரம்தான் துண்டின் தடிப்பு. இந்தக் கத்தியின் வளைவு அந்த அசைவுக்கு நன்றாக ஒத்துவருகிறது.

பழக கரட் போதும். 5 செ.மீ. துண்டாக்கி, நான்கு பக்கமும் சீவிப் பெட்டி வடிவாக்குங்கள். 3 மில்லிமீற்றர் தகடுகளாக அரிந்து, மூன்று நான்கை அடுக்கி, மறுபடி 3 மில்லிமீற்றரில் அரிந்தால் ஜூலியன். அதையே குறுக்கே 3 மில்லிமீற்றரில் வெட்டினால் புரூனுவாஸ். சீவிய ஓரம் ஸ்டொக் (சூப்புக்கான அவியல் சாறு) சட்டிக்குப் போகட்டும். பெரும்பாலும் பிழைப்பது தகடு ஆப்பாகப் போவதால்: மேலே 3, கீழே 5. அலகு வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அளவு பிழைத்த துண்டுகளை ஒரே சட்டியில் போட்டால் சிறியது கரைய, பெரியது நடுவில் பச்சையாய் நிற்கும். அழகுக்காக மட்டும் அளவு கேட்பதில்லை.

கூர் பிடிப்பதில்தான் இந்தக் கத்தி கூடுதல் கவனம் கேட்கும். மென்மையான உருக்கு என்பதால் முழுநேரக் குசினி வேலையில் ஒவ்வொரு நாளும், வளைந்த வாயை நிமிர்த்தும் கூர்க்கம்பியில் பக்கத்துக்கு நாலைந்து தடவை மெதுவாக இழுக்க வேண்டும், இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை கல்லில் வைக்க வேண்டும். 1000 இலக்கக் கல் ஒன்று போதும். ஊறும் வகைக் கல் என்றால் குமிழி நிற்கும்வரை தண்ணீரில் போட்டு, ஈரத்துணியின்மேல் அசையாமல் வையுங்கள். சாய்வு பக்கத்துக்கு 15 பாகை. பாகைமானி தேவையில்லை: அலகு 5 செ.மீ. அகலமான இடத்தில் முதுகு கல்லிலிருந்து 1.3 செ.மீ. உயர்ந்திருந்தால் சரி, ஏறத்தாழ சுண்டுவிரல் தடிப்பு. ஒரு பக்கத்தை அடியிலிருந்து நுனிவரை தேய்த்து, மறுபக்கத்தில் பெருவிரலை வாய்க்குக் குறுக்கே வெளிநோக்கி வருடினால் பிசிர், அதாவது தேய்த்ததில் மறுபக்கம் மடிந்த மெல்லிய உருக்கு ஓரம், தட்டுப்படும். முழு நீளத்துக்கும் பிசிர் வராமல் பக்கம் மாற்றக்கூடாது. கூர் பிடித்தும் வெட்டவில்லை என்பவர்களில் அநேகர் நடுவில் மட்டும் பிசிர் எழுப்பி நிறுத்தியவர்கள். பழுத்த தக்காளியை அழுத்தாமல், அலகின் பாரத்தோடு மட்டும் இழுத்துப் பாருங்கள். தோல் தானாகத் திறக்கவேண்டும்.

சாணைச் சக்கரத்தில் மட்டும் கொடுக்காதீர்கள். பொறி பறக்கும் சூட்டில் வாயோரம் நீலம் ஏறினால் அந்த இடத்து உருக்கு பதம் இழந்துவிட்டது. பிறகு எத்தனை தரம் தீட்டினாலும் கூர் ஒருநாளும் நிற்காது.

வன்னியின் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கல்லுத்தண்ணீர். கழுவி அப்படியே காயவிட்டால் அலகில் வெள்ளைப் படலம் ஏறும். துருப்பிடிக்காத உருக்கு என்றாலும் உப்பும் தேசிக்காய்ப் புளியும் இரவு முழுக்கக் கிடந்தால் புள்ளி விழும். கழுவிய உடனே துடையுங்கள். ஏறிய படலத்துக்கு வினாகிரியில் நனைத்த துணி ஐந்து நிமிடம்.

விலை டொலரோடு ஏறி இறங்கும். சுவிஸில் உறவினர் இருந்தால் ஊருக்கு வரும்போது சொக்கிளேற்றுக்குப் பதிலாக இதைக் கேளுங்கள். அங்கே ஹோட்டல் குசினிகளில் நிற்கும் எங்கள் ஆட்களுக்கு விளக்கம் தேவைப்படாது. ஒன்று கட்டாயம்: விமானத்தில் ஏற்றும் பொதிக்குள் வைக்கவேண்டும், கைப்பைக்குள் வைத்தால் பறித்துவிடுவார்கள். மாலைதீவுக்கோ கட்டாருக்கோ நீங்கள் போகும்போதும் அதுவேதான். பஸ்ஸில் கொண்டுபோகும்போது தடித்த மட்டையை அலகுக்கு உறையாக மடித்து ஒட்டி, பயிற்சி அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள்.

பெட்டி வாங்காமல் மிஞ்சும் காசில் 1000 இலக்கக் கல்லும், ஊசிமுனைத் தெர்மோமீற்றரும், 8 செ.மீ. சிறு கத்தியும் வரும். தெர்மோமீற்றரை வாங்கிய அன்றே உடைத்த ஐஸ் நிறைந்த தண்ணீர்க் கோப்பையில் நட்டு 0 பாகை காட்டுகிறதா என்று பாருங்கள். இரண்டு பாகை தள்ளி நின்றால் மாற்றிக் கேளுங்கள். கோழியின் தடித்த இடம் 74 பாகை தொட்டதா இல்லையா என்பதை நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.