எண்ணெய் வயலா, சேலத்து வெள்ளைக்கல்லா?

மேட்டூர் அனல்மின் நிலையத்துக் கரியமில வாயுவைப் பிடித்து மண்ணுக்குள் அடைப்பது என்று வைத்துக்கொண்டால், எங்கே அடைப்பது?

முதலில் பழைய எண்ணெய் வயல். நமக்குப் பக்கம் என்றால் நாகப்பட்டினம் மாவட்டத்து நரிமணம், அதுவே 200 கிலோமீட்டருக்கு மேல். தூரத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, கனடாவின் வேபர்ன் வயலுக்கு 2000-இலிருந்து வடக்கு டகோடாவிலிருந்து சுமார் 320 கிலோமீட்டர் குழாயில் வாயு போகிறது. என் கவலை வேறு. அங்கே வாயுவை உள்ளே விடுவதே எண்ணெயை வெளியே தள்ளத்தான். எண்ணெயைவிட இலகுவான வாயு மேலாக ஓடி, எடுக்கும் கிணற்றுக்கே திரும்பி வந்துவிடும் என்பதால் பல வயல்களில் தண்ணீரையும் வாயுவையும் மாற்றி மாற்றி விடுவார்கள். எண்ணெய் கூடுதலாகக் கிடைக்கும், சரி, ஆனால் வாயு தங்க வேண்டிய பாறைத் துளைகளில் தண்ணீர் போய் உட்கார்ந்துவிடுகிறது. சேமிப்புதான் நோக்கம் என்றால், வாயுவை எண்ணெய்ப் பாறையின் உச்சியில் மெதுவாக விட்டு எண்ணெயைக் கீழ்நோக்கித் தள்ளும் முறைதான் எனக்குச் சரியாகப் படுகிறது. எல்லா வயலின் அமைப்பும் அதற்கு ஒத்துவராது. எப்படி எடுத்தாலும் ஒரு பீப்பாய் எண்ணெயை எரித்தால் சுமார் 0.4 டன் வாயு திரும்ப வானத்துக்கே போகிறது, அதைக் கழிக்காமல் கணக்குச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அப்புறம், பழைய கிணறுகளின் சிமெண்ட் அடைப்பு கசியாமல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

இன்னொரு வழி நம் சேலத்திலேயே இருக்கிறது. கருப்பூர்ப் பக்கம் டூனைட் என்ற மெக்னீசியம் நிறைந்த பாறைக்குள் வெள்ளை நரம்பாக ஓடும் மேக்னசைட், அதாவது நாம் சொல்லும் வெள்ளைக்கல், மெக்னீசியமும் கரியமில வாயுவும் சேர்ந்து கல்லானதுதான். அதன் எடையில் பாதிக்கு மேல், 52 சதவீதம், அந்த வாயுதான்! ஐஸ்லாந்தில் 2012-இல் வாயுவைத் தண்ணீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் விட்டார்கள், இரண்டே ஆண்டுகளில் 95 சதவீதத்துக்கு மேல் கல்லாகிவிட்டது. கல்லானது கசியாது, கிணற்றைக் காவல் காக்கவும் வேண்டாம்.

ஆனால் ஒரு டன் வாயுவுக்கு ஏறத்தாழ 25 டன் தண்ணீர் வேண்டும், கோடையில் குடத்தோடு நிற்கும் ஊரில் அதை எப்படிக் கேட்பது? நம் டூனைட்டும் இறுகிய பாறை, உள்ளே ஏற்றுவது கடினம்.

மேட்டூரின் அளவுக்கு ஓரளவாவது ஈடுகொடுக்கக்கூடியது இந்த இரண்டில் எண்ணெய் வயல்தான் என்று நினைக்கிறேன். ஆனால் வெள்ளைக்கல்லைச் சுடும் சூளையிலிருந்து அதே வாயு வெளியேறுகிறது, குவாரி ஓரத்தில் கழிவுக்கல் மேடாகக் கிடக்கிறது. அந்தக் கல்லை அரைத்துப் பொடியாக்கினால் அதுவும் வாயுவைப் பிடித்துக் கல்லாக்கும். அரைக்க மின்சாரம் செலவாகும், வேகமும் குறைவு. இருந்தாலும் குழாயே தேவைப்படாத இந்த இடத்தில், ஒரு சூளைப் புகையை ஒரு மேட்டுக் கல்பொடிமேல் விட்டு அளந்து பார்ப்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.