லாங் ரன்னுக்கு ஒரு தண்ணீர் வெஸ்ட்: ஒரு பயிற்சிக் காலம் முழுக்கப் போட்டு ஓடிய பிறகு

மாரத்தானுக்கு முந்தைய வாரங்களில் லாங் ரன், அதாவது நீண்ட தூரப் பயிற்சி ஓட்டம், 28, 30, 32 கிலோமீட்டர் என்று நீளும்போது முதல் கவலை தண்ணீர்தான். போட்டியன்று வழிநெடுக மேசை போட்டுத் தருவார்கள். பயிற்சியில் நாமேதான் சுமக்க வேண்டும். கையில் பாட்டிலோடு ஓடினால் எனக்கு ஒரு பக்கத் தோள் இறுகிவிடும், இடுப்பு பெல்ட்டோ மேலே ஏறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் நெஞ்சுப் பக்கம் இரண்டு அரை லிட்டர் சாஃப்ட் ஃபிளாஸ்க் (மடங்கிச் சுருங்கும் மெல்லிய பாட்டில்) வைக்கிற, கையில்லாத சட்டை போன்ற இந்த வெஸ்ட்டை வாங்கினேன்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, தண்ணீர் சலசலக்காததுதான். குடிக்கக் குடிக்க ஃபிளாஸ்க் சுருங்கிவிடுகிறது, உள்ளே காற்றுக்கு இடமில்லை. நிரப்பி மூடும்போதே காற்றைப் பிதுக்கி எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். முதுகில் தண்ணீர்ப் பை வைக்கிற வகையில் எவ்வளவு குடித்தோம், எவ்வளவு மிச்சம் என்று ஓடும்போது தெரியாது. இதில் குனிந்தாலே தெரிகிறது. இது சின்ன விஷயமில்லை. தாகத்துக்கு மேல் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போனால் இரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நான் ஒன்றில் வெறும் தண்ணீரும் இன்னொன்றில் எலக்ட்ரோலைட்டும் (உப்புச்சத்து கலந்த பானம்) வைத்து மாற்றி மாற்றிக் குடிக்கிறேன். எடையும் இரு பக்கமும் சமமாகக் குறைகிறது.

ஃபிளாஸ்க்குக்குக் கீழே இருக்கும் பைகள் ஜெல் (ஓட்டத்தில் சக்திக்காகச் சாப்பிடும் கூழ் பாக்கெட்) வைப்பதற்கென்றே தைத்தது போல இருக்கின்றன. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்று கணக்குப் போட்டால் மூன்று மணி நேர ஓட்டத்துக்கு நிறைய ஜெல் வேண்டும். அத்தனையும் அடங்குகிறது, ஓடிக்கொண்டே எடுக்கவும் முடிகிறது. போட்டியன்று சாப்பிடப்போகும் அதே ஜெல்லை லாங் ரன்னில் வயிற்றுக்குப் பழக்கிவிடுங்கள்.

குறைகள் உண்டு. பாதி காலியான ஃபிளாஸ்க்கை ஓட்டத்தில் திரும்பச் செருகுவது பெரும்பாடு. மடங்கி மடங்கி வெளியே வந்துவிடும். அதனால் வெளியே எடுக்காமல் தலையைக் குனிந்தே உறிஞ்சிவிடுவது நல்லது. 25 கிலோமீட்டரைத் தாண்டியதும் அக்குள் பக்கத் தையல் உராய்கிறது, வாஸ்லின் இல்லாமல் கிளம்பாதீர்கள். முதுகுத் துணி வலைதான், ஆனாலும் வியர்வை தேங்குகிறது.

அளவு பார்க்கும்போது இரண்டு ஃபிளாஸ்க்கையும் நிரப்பி மாட்டி, மூச்சை ஆழமாக இழுத்துப் பாருங்கள். விலா இறுகக் கூடாது. தண்ணீர் குறையக் குறைய வெஸ்ட் தளர்ந்து குலுங்கத் தொடங்கும். அப்போது பக்கத்து ஸ்ட்ராப்பை இழுத்துவிட்டால் சரி, நிற்கக்கூட வேண்டாம்.

வாராவாரம் 15 கிலோமீட்டருக்குள் ஓடுபவர்களுக்கு இது தேவையில்லை. வழியில் குடிநீர்க் குழாய் இருந்தாலும் வேண்டாம். தனியாக 30 ஓடப்போகிறீர்கள் என்றால் தயங்காமல் வாங்கலாம். ஆனால் போட்டிக்கு இரண்டு மாதமாவது முன்பே வாங்கிவிடுங்கள். எங்கே உராய்கிறது, எந்தப் பையில் எது வசதி என்பதெல்லாம் நாலைந்து லாங் ரன் போன பிறகுதான் பிடிபடும்.